அறுபதிலேயே நின்ற முள்

ஓடாத காரை வைத்துக்கொண்டு ஊரிலேயே வேகமான கார்க்காரர் என்று பேர் வாங்கிய மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவரை வைத்துக்கொள்ளும் பாக்கியம் ஓசூருக்குக் கிடைத்தது. அவருக்குப் பக்கத்தில் கார் நிறுத்திப் பிழைக்கிற தலையெழுத்து எனக்குக் கிடைத்தது. ‘அறுபது மைல்’ என்றால் அந்த நாளில் அத்திப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் தெரியாதவர் கிடையாது. சொந்தப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. எதிராளியின் பெயரைத் தெரிந்துகொண்டு அர்ச்சனையா செய்யப் போகிறேன்?

ஐம்பதுகளின் நடுவில் ஓசூர் சேலம் ஜில்லாவில் ஒரு சின்ன தாலுகா ஊர். இப்போது அங்கே போய்ப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள், அன்றைக்கு ஊரில் புகை விட்டது டீக்கடை அடுப்பு மட்டும்தான். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே புளியமரத்தடியில் வாடகைக் கார்கள் இரண்டு நிற்கும். ஒன்று என்னுடையது. நான் ஊத்தங்கரைப் பக்கத்துக்காரன். எனக்கு விவசாயம் வராது என்று தெரிந்ததும் அப்பா ஒரு காரை வாங்கிக் கொடுத்து, பெங்களூர் ரோட்டில் போய்ப் பிழைத்துக்கொள் என்று அனுப்பிவிட்டார். நல்ல கார். மேடோ பள்ளமோ, நாற்பது மைலில் முனகாமல் போகும். சீட்தான் தேங்காய் நார். உட்கார்ந்தவர்கள் இறங்கியதும் முதல் காரியமாகப் பின்புறத்தைச் சொறிந்துகொள்வார்கள்.

இன்னொன்று அவருடையது. உலக யுத்தத்துக்கு முந்திய இங்கிலீஷ் வண்டி. யாரோ ஒரு துரை கப்பலேறும்போது விட்டுப் போனது. இருபது மைலைத் தாண்டினால் இருமும். அவர் அதற்கு முன்னால் மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர். ஆகவே காரையும் மாடு கணக்கில்தான் வைத்திருந்தார். காலையில் தெலுங்கில் கொஞ்சுவார். மேட்டில் ஏறாவிட்டால் கன்னடத்தில் திட்டுவார். பிரேக் பிடிக்காத சமயங்களில் மட்டும் தமிழில் முருகனைக் கூப்பிடுவார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதை ‘தண்ணி காட்டறது’ என்றுதான் சொல்வார்.

ஆரம்பத்தில் எனக்கு அவர்மேல் ஒரு விரோதமும் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் என் காரில் ஏறுவார்கள். நான் இல்லாத சமயத்தில் வந்தவர்கள் வேறு வழியில்லாமல் அவர் காரில் ஏறுவார்கள். பாவம் என்று பரிதாபப்பட்டு வெற்றிலை பாக்குகூட வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில் சூளகிரி தாண்டி ஒரு சிறுபாலத்தில் அமெரிக்கக் கார் ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்தது. புத்தம் புதுசு. ஓட்டிவந்த வெளிநாட்டுக்காரர் கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து, அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். காரின் கூரை அப்பளமாகிவிட்டது. என்ஜினையும் சக்கரங்களையும் பெங்களூர் வியாபாரிகள் கழற்றிக்கொண்டு போனார்கள். மிச்சக் கூட்டைச் சுற்றி ஆடு மேய்ந்துகொண்டிருந்தபோது நம்மவர் போய், உள்ளே இருக்கிறதை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். சிவப்பு ரெக்சின் போட்ட நீளமான சீட்டுகள் இரண்டு, கதவுகளுக்கு உள்பக்கம் பதிக்கிற மெத்தைத் தட்டிகள், கூரை விளக்கு, மீட்டர்களும் ரேடியோவும் வைத்த டேஷ்போர்டு. எல்லாம் கண்ணைப் பறித்தன.

அமெரிக்கக் காரின் சீட்டில் மூன்று பருமனான ஆட்கள் தாராளமாக உட்காரலாம். இவர் வண்டியின் அகலமோ ஒன்றரை ஆள். வண்டிச் சக்கரம் செய்கிற ஆசாரி ஒருவரைப் பிடித்து, சீட்டை இருபுறமும் அறுக்க ஆரம்பித்தார். கேலி செய்வதற்கென்றே நான் போய் நின்றேன். அறுத்த இடத்திலிருந்து ஸ்பிரிங் ஒன்று விடுபட்டு, ஆசாரியின் தலைப்பாகையைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தில் மாட்டியது. அதைக் கண்டு நான் சிரித்த சிரிப்பு, அந்த வருஷத்தில் நான் சிரித்த கடைசிச் சிரிப்பு.

டேஷ்போர்டில் இன்னொரு சங்கடம் இருந்தது. அமெரிக்காவில் டிரைவர் இடதுபக்கம் உட்காருவாராம். அதனால் மீட்டர்களெல்லாம் இடதுபக்கம். நம் நாட்டு வண்டியில் ஸ்டியரிங் வலதுபக்கம். அப்படியே தூக்கி மாட்டினால், ஓட்டுகிறவருக்கு முன்னால் கைக்குட்டை வைக்கிற சின்னப் பெட்டி வரும், பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வருகிறவருக்கு முன்னால் அத்தனை மீட்டரும் வரும். இதை நான்தான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் நிதானமாக என்னைப் பார்த்தார்.

“நா எதுக்குத் தம்பி மீட்டர் பாக்கணும்? வண்டி எவ்ளோ போவுதுன்னு எனக்குத் தெரியாதா? ஏறி வர்றவருக்குத்தான தெரியணும்” என்றார்.

இந்தப் பதிலை நான் டீக்கடை டீக்கடையாகப் போய்ச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். கைதட்டியவர்கள் எல்லாரும் நேராகப் போய் அவர் காரில் ஏறினார்கள்.

அதற்கு முன்னால் மரியாதைப்பட்டவர்கள் பின்சீட்டில்தான் உட்காருவார்கள். முன்சீட் கணக்குப்பிள்ளைக்கு. இப்போது ஊர் ஊராக நிலம் வைத்திருந்த மிட்டாதாரர் முன்சீட்டுக்கு அடித்துக்கொண்டார், கணக்குப்பிள்ளை பின்னால் கால் நீட்டிக்கொண்டு வந்தார். ஏனென்றால் மீட்டர் முன்னால் இருந்தது. கார் நிற்கிறபோதெல்லாம் அந்த மீட்டர்கள்மேல் ஒரு சிவப்புத் துண்டைப் போட்டு மூடி வைத்திருப்பார். கேட்டால் கண்ணு பட்டுடும் என்பார். ஊர் எல்லை தாண்டி, வண்டி இருமாமல் ஓட ஆரம்பித்ததும், இடது கையை நீட்டித் துண்டை எடுப்பார். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் பணிவாக, “எவ்ளோ போவுது சாமி?” என்பார். அவர் குனிந்து பார்த்து, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மாதிரி கம்பீரமாகச் சொல்வார். தமிழர் அறுபது என்பார். ரெட்டியார் தெலுங்கில் அரவை என்பார். கவுடர் கன்னடத்தில் அரவத்து என்பார். உடனே நம்மவர் மூன்று பாஷையிலும் திகைத்து, கொஞ்சம் மெதுவாகப் போகலாமா சாமி என்று உத்தரவு கேட்பார். இந்த மாதிரி உத்தரவு கேட்கிற டிரைவரை யாருக்குத்தான் பிடிக்காது?

எப்போது பார்த்தாலும் அறுபதுதான். அமெரிக்கக் கார் கவிழ்ந்த நிமிஷத்தில் முள் அறுபதில் நின்றது, நின்றதுதான். அந்த மீட்டருக்கும் சக்கரத்துக்கும் ஒரு ஒயர் தொடர்புகூடக் கிடையாது. வண்டி உண்மையில் போனது பதினெட்டு, இருபது. வெளியே ஒரு சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போனால், பயல் கெட்டிக்காரன் என்று நினைத்தார்களே தவிர வேறொன்றும் தோன்றவில்லை. கிருஷ்ணகிரி போய் இறங்கிய ஒரு மண்டிக்காரர், அறுபதில் வந்தே இவ்வளவு நேரம் ஆகிறதென்றால் கிருஷ்ணகிரி எவ்வளவு தூரம் பாருங்கள் என்று என்னிடமே ஆச்சரியப்பட்டார்.

இது போதாதென்று செருப்பு. அவ்வளவு அழகான சிவப்பு மெத்தையில் செருப்போடு எப்படி ஏறுவது என்று அவர் முதலில் தன் செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்து ஏறுகிறவர்களும் கழற்றினார்கள். ஏறிய குஷியில் செருப்பை எடுத்துக்கொள்ள யாருக்கும் ஞாபகம் வராது. கார் போன பிறகு புளியமரத்தடியில் ஒரு கல்யாண வீட்டு வாசல் அளவுக்குச் செருப்பு கிடக்கும். பக்கத்தில் சவாரி இல்லாமல் நான். நாய் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று நான் பார்த்துக்கொள்வேன் என்று ஊரே நம்பியது. பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு புதுஆள், இங்கே செருப்புக்கு டோக்கன் உண்டா என்று என்னைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

ரேடியோவும் பாடாது. ஆனால் ஐந்து பொத்தான்கள் பளபளவென்று இருந்தன. யாராவது ஆசையாக ஒன்றை அமுக்கினால் அவரே பாடுவார். முதல் பொத்தானுக்குத் தெலுங்குக் கீர்த்தனை, இரண்டாவதற்குக் கன்னட தேவர நாமம், மூன்றாவதற்குத் திருப்புகழ். நாலாவது பொத்தான் செய்தி. யார் வீட்டு எருமை ஈன்றது, எந்த ஊர்ச் சந்தையில் ராகி ஏறியது எல்லாம் வரும். ஐந்தாவதை அமுக்கினால் வாயை மூடிக்கொள்வார். மதுவிலக்குக்காக எல்லைச் சாவடியில் வண்டியைச் சோதனை போட ஏறிய ஒரு போலீஸ்காரர், ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக்கொண்டே ஓசூர் வரைக்கும் வந்து, திரும்பிப் போக என் காரைக் கேட்டார். காசு கொடுக்காமல், சும்மாதான்.

நானும் சும்மா இருக்கவில்லை. என் கார்க் கூரையில் ஒரு பல்பு மாட்டி, ஸ்விட்ச் போட்டால் எரிகிற மாதிரி செய்தேன். அவர் காரில் கதவைத் திறந்தால் தானாக எரியுமே என்றார்கள். நார் சீட்டுக்குமேல் வெல்வெட் துணி போர்த்தினேன். பிரேக் போட்டபோது தாசில்தார் ஆபீஸ் பெரியவர் ஒருவர் அப்படியே வழுக்கிக் கீழே போய் உட்கார்ந்துவிட்டார். இனிமேல் ஒரே வழிதான், என் என்ஜினின் அருமையை ஊர் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஒரு சந்தை நாளில் அவர் சவாரி ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரிப் பக்கம் கிளம்பினார். முன்சீட்டில் பர்கூர்க்காரர் ஒருவர். பெரிய மீசை, புது வேட்டி, நல்ல நிலபுலம் உள்ள சம்சாரி என்று பார்த்தாலே தெரிந்தது. நான் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் கழித்துக் காலி வண்டியோடு புறப்பட்டேன். சூளகிரி ஏற்றத்தில் அவரைப் பிடித்து, ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டு, விர்ரென்று தாண்டிப் போனேன். கண்ணாடியில் பார்த்தபோது மீசைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு இருந்தார். அன்றைக்கு ராத்திரி எனக்கு இரண்டு உருண்டை களி கூடுதலாக இறங்கியது.

அடுத்த நாளிலிருந்து என் காரில் ஈ, காக்கைகூட ஏறவில்லை. ஏனென்று விசாரித்தபோது டீக்கடைக்காரர் சொன்னார்: “அவுங்க போனதே அறுபது. அதையே தாண்டிப் போனீன்னா நீ எம்பதுல போயிருக்கணும். புள்ளகுட்டிக்காரன் ஏறுவானாப்பா உன் வண்டில?”

அறுபதெல்லாம் சுத்தப் பொய், முள் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். எல்லாரும் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார்கள். பொறாமை வந்தால் மனுஷனுக்குப் புத்தி இப்படித்தான் பேதலிக்கும் என்று, நான் நகர்ந்த பிறகு பேசிக்கொண்டார்கள். பொறாமை இருந்தது வாஸ்தவம்தான், அதற்காக முள் நகர்ந்துவிடுமா?

இந்த நிலைமையில் அப்பா எனக்குப் பெண் பார்த்தார். பர்கூரில் ஒரு இடம். அப்பா, மாமா, நான் மூன்று பேரும் போனோம். பெண் காப்பித் தட்டோடு வந்தாள். என்னைப் பார்த்தாள், என் தலைமுடியைப் பார்த்தாள், காற்றில் ஓட்டி வந்ததில் அது நட்டுக்கொண்டு நின்றதைக் கண்டு சிரிப்பை அடக்க முடியாமல் தட்டை ஆட்டிவிட்டாள். என் வேட்டியெல்லாம் காப்பி. அந்த நிமிஷமே எனக்கு அவளைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அப்போதுதான் வயலிலிருந்து பெண்ணின் அப்பா வந்தார். பெரிய மீசை.

என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். “ஏம்ப்பா, நீ அந்த எம்பது மைல்தான?” என்றார்.

எவ்வளவோ சொன்னேன். மீட்டர் வேலை செய்யாது என்றேன். என் கார் நாற்பதுக்குமேல் போகவே போகாது என்று, காலமெல்லாம் நான் பெருமைக்காக மறைத்து வைத்திருந்த உண்மையைக்கூடச் சொன்னேன். அவர் அசையவில்லை. தன் கண்ணால் அறுபதைப் பார்த்தாராம், தன் கண்ணால் நான் தாண்டியதையும் பார்த்தாராம். பொண்ணைக் கொடுத்துவிட்டு நாளெல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பி வரும்போது அப்பா என்னோடு பேசவில்லை. நான் வண்டியை, முன்னால் போன ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தேன்.

முள் நிற்கிறது என்று இனி ஒரே ஒருவர் சொன்னால்தான் எடுபடும். அந்த ஒருவரிடம் போய் நிற்பதைவிட காவி கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்து, போய் நின்றேன். அவர் கதவுத் தட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த அறுபதை ஒப்புக்கொண்டால் அவர் பேர், பிழைப்பு இரண்டும் போய்விடும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், “இரு, வண்டிக்குத் தண்ணி காட்டிட்டு வரேன்” என்றார்.

அன்றைக்குத்தான் முதல்முதலாக அந்தச் சிவப்பு சீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் இடுப்புவரைக்கும் சுகமாக உள்ளே இறங்கியது. அடப்பாவி, எதிராளியாக இல்லாவிட்டால் நானே தினமும் இதில்தான் ஏறியிருப்பேன் என்று வயிறு எரிந்தது. பர்கூர் போய் இறங்கும்போதுதான் தெரிந்தது, செருப்பைப் புளியமரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பொசுக்குகிற வெயிலில் வருங்கால மாமனார் வீட்டு வாசலில் வெறுங்காலோடு நின்றேன்.

என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்த மீசைக்காரர், நம்மவரைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டார். வாங்க வாங்க என்று வரவேற்றார். நம்மவர் இறங்கவில்லை. ஒரு நிமிஷம் முன்னால வந்து உக்காருங்க சாமி என்று கூப்பிட்டார். அவர் ஆசையாக ஏறி உட்கார்ந்து மீசையை நீவிக்கொண்டார். நம்மவர் வண்டியைக் கிளப்பவில்லை. என்ஜின் அணைந்துதான் இருந்தது. இடது கையை நீட்டித் துண்டை எடுத்தார்.

“எவ்ளோ போவுது சாமி?”

பழக்கதோஷத்தில் மீசைக்காரர் குனிந்து பார்த்து, “அறுபது” என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டார். பிறகு தலையைத் தூக்கி வெளியே பார்த்தார். அவர் வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. சக்கரத்தை ஒட்டி ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. திரும்பவும் மீட்டரைப் பார்த்தார். திரும்பவும் கோழியைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாகிவிட்டது.

“அப்ப நா அன்னிக்கு வந்தது?” என்றார் மெதுவாக.

“இருபது இருக்கும் சாமி. மேட்ல அதும் இல்ல.”

என்னைப் பற்றியும் சொன்னார். இந்தப் பையன் நாற்பதைத் தாண்டினதில்லை, குறுக்கே ஆட்டுக்குட்டி வந்தால்கூட அரை பர்லாங்குக்கு முன்னாலேயே நிறுத்துகிறவன், தினம் அவன் புழுதியை விழுங்குகிற எனக்குத் தெரியாதா, நம்பிப் பொண்ணைக் கொடுக்கலாம் என்றார். உள்ளே கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

மீசைக்காரர் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. பிறகு எங்கள் இருவரையும் கிட்டே கூப்பிட்டார். பொண்ணைக் கொடுக்க அவருக்குச் சம்மதம்தானாம். ஆனால் இந்த முள் விஷயம் பர்கூரில் ஒரு சொல் வெளியே போகக் கூடாதாம். அறுபதில் வந்த கதையைத் திருவிழாவில், பஞ்சாயத்தில், இழவு வீட்டில்கூட அவர் சொல்லியாகிவிட்டது. இனிமேல் இருபது என்றால் ஊரில் தலைகாட்ட முடியாது. நம்மவர் மறுபேச்சில்லாமல் துண்டை எடுத்து மீட்டர்மேல் போட்டார். ஆக, அவர் பேர் அவருக்கு மிஞ்சியது, மாமனார் கௌரவம் மாமனாருக்கு மிஞ்சியது, எனக்குப் பெண் கிடைத்தாள். பர்கூரில் மட்டும் கடைசிவரைக்கும் நான் எண்பது மைல் மாப்பிள்ளை. மாமனார் வீட்டுச் சொந்தக்காரப் பெண்கள் என் காரில் ஏறும்போது தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஏறுவார்கள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். நன்றி சொல்வதற்குப் பதில், இவ்வளவு பெரிய பேரை எனக்காக எதற்கு விட்டுக்கொடுக்கத் துணிந்தீர்கள் என்று கேட்டேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“உன் வண்டி சூளகிரி மேட்ட இருமாம ஏறுற சத்தம் கேட்டா, அன்னிக்கு எனக்குச் சோறு எறங்காது தம்பி. அவ்ளோ பொறாமை. என்ஜின மாத்த எனக்கு வழியில்ல. சீட்டத்தான் மாத்த முடிஞ்சிது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சிவப்பு சீட், தானாக எரிகிற விளக்கு, மீட்டர், ரேடியோ எல்லாம் என் ஒருவனுக்காகத்தான் வண்டியில் ஏறியிருக்கின்றன. கோபப்படுவதா என்று யோசித்தேன். முடியவில்லை. சந்தோஷத்தில் பாதி வழியில் மூன்றாவது பொத்தானை அமுக்கினேன். ஓசூர் எல்லைவரைக்கும் திருப்புகழ்.

கல்யாணத்தில் என் பெண்டாட்டி அவர் காரில்தான் ஏறுவேன் என்று ஏறினாள். நான் பின்னால் என் காரில், அந்த இருபது மைல் புழுதியை விழுங்கிக்கொண்டே போனேன். அதற்கப்புறமும் வருஷக்கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருவர் சவாரியைப் பார்த்து ஒருவர் வயிறெரிந்தோம். அவருக்குச் சவாரி வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எனக்கு வந்தால் அவர் தெலுங்கில் தன் காரிடம் என்னவோ முறையிடுவார். என்னிடமும் பொறாமைப்பட ஏதோ இருக்கிறது என்று நினைத்த மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். அவர் காலமான மாதமே நான் காரை விற்றுவிட்டேன். அவர் இல்லாத அந்த ஸ்டாண்டில் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை.